ஓடைக்கரையின் குள்ள மீன்கொத்தி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் தாப்பாவில் மீன்கொத்தி என்று சொன்னால் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது மின்கம்பியில் உட்கார்ந்து கத்துகிற வெண்தொண்டை மீன்கொத்திதான். பழுப்புத் தலை, நீல முதுகு, பெரிய சிவப்பு அலகு. பள்ளித் திடலில் இருக்கும், பழக்குலை ஏற்றும் லாரி நிற்கிற இடத்தில் இருக்கும், கோயில் பின்புறத்துக் கால்வாயிலும் இருக்கும். வெட்டுக்கிளி, ஓணான், தவளை என்று கிடைத்ததைத் தின்று நம்மோடு நன்றாகவே பிழைத்துக்கொள்கிறது. நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. அதே குடும்பத்தில் பிறந்து, நம் ஊரின் ஓரத்திலேயே வாழ்ந்தும் யார் கண்ணிலும் அதிகம் படாத இன்னொன்றைப் பற்றி.

குள்ள மீன்கொத்தி. மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்தாலும் 14 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. அதிலும் கணிசமான பங்கு அலகுக்கே போய்விடும். ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு கனம் தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் எடை. ஆனால் நிறம் என்று வந்தால் இந்தச் சின்ன உடம்பில் எதுவும் மிச்சம் வைக்கப்படவில்லை. வயிறும் மார்பும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. தலையும் வாலின் மேற்புறமும் ஊதா பூசிய செம்பழுப்பு. அலகும் காலும் பவளச் சிவப்பு. முதுகைப் பொறுத்து இரண்டு வகை. ஒன்றுக்கு முதுகு கருநீலம், நெற்றியில் ஒரு கரும்பொட்டு, காதுக்குப் பின்னால் ஒரு நீலத் தீற்றலும் அதை ஒட்டி ஒரு வெள்ளைத் தீற்றலும். மற்றதற்கு முதுகும் தலையைப் போலவே செம்பழுப்பு. கருமுதுகு வகைக்கு 1758-இல் லின்னேயஸ் பெயர் வைத்தார். செம்முதுகு வகைக்கு 1847-இல் ஸ்டிரிக்லண்ட் தனிப்பெயர் கொடுத்தார். இரண்டும் தனித்தனி இனமா, ஒரே இனத்தின் இரண்டு முகமா என்பதில் பறவை நூலோர் இன்னமும் ஒன்றுபடவில்லை, ஏனென்றால் இரண்டும் சந்திக்கிற இடங்களில் கலந்து குஞ்சு பொரிக்கின்றன, இடைப்பட்ட நிறத்தில் பறவைகள் பிறக்கின்றன. நமக்கு அந்த வழக்கு முக்கியமில்லை. செம்முதுகு நம் காடுகளில் ஆண்டு முழுக்கக் குடியிருப்பது, கருமுதுகில் பெரும்பகுதி வடக்கிலிருந்து பருவம் பார்த்து வருவது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நான் வேலை செய்வது தாப்பாவை ஒட்டிய ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில், வெளிக்கள கிராணியாக, அதாவது கணக்கராக. என் அம்மா காலத்தில் அது கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர்த் தோட்டம். விடிவதற்கு முன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, நிரை பிரித்துக்கொண்டு பால் எடுக்க மரம் வெட்டப் போனவர்களின் பிள்ளைகள்தான் இன்று தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளில் இருக்கிறோம். எங்கள் தோட்டத்தின் கிழக்கு எல்லை காட்டைத் தொடும். கேமரன் மலைக்கு ஏறுகிற சாலை அந்தப் பக்கம்தான் போகிறது. மலையிலிருந்து இறங்கும் சிற்றோடைகள் காட்டை விட்டு வெளியே வந்து, செம்பனைக்கு நடுவே ஓடி, பத்தாங் பாடாங் ஆற்றில் சேரும். குள்ள மீன்கொத்தியின் கதை முழுவதும் அந்த ஓடைகளோடு ஒட்டியது.

செம்பனைத் தோப்புக்குள் இந்தப் பறவை வாழாது. நேரான வரிசை, வெட்டிய மட்டை அடுக்கு, இடையில் பாதை. அங்கே அதற்கு ஒன்றும் இல்லை. தாழ்நிலக் காடு, அதில் நிழல் மூடிய சின்ன ஓடை, கரையில் தாழ்வாகத் தொங்கும் கிளை, துளை போட மண்சுவர். இவ்வளவும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். மலாய்த் தீபகற்பத்தின் தாழ்நிலக் காடு பெருமளவு ரப்பருக்கும் பிறகு செம்பனைக்கும் போன பின்னால் இப்படிப்பட்ட இடங்கள் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. அந்தத் துண்டுகளில் சில நம் தோட்டங்களுக்கு உள்ளேயே இருக்கின்றன என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. யாரோ எங்கேயோ காப்பாற்ற வேண்டிய பறவை அல்ல இது. மருந்தடிக்க ஆள் விடும் மண்டோரும் (மேற்பார்வையாளர்), ஓடைக்கரை வீட்டுக்காரரும், இரவில் வாசல் விளக்கை அணைக்காமல் தூங்குகிறவரும் தெரிந்தோ தெரியாமலோ இதன் வாழ்வில் கை வைக்கிறோம்.

முதலில் விளக்கிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊர்க்காரர்கள் இந்தப் பறவையை மிக அருகில் பார்ப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

தீபாவளிக்கு முந்திய மழை நாட்களில் ஒரு ராத்திரி. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப்புறம் இருந்து கூப்பிட்டார்.

“தம்பி, கண்ணாடிக் கதவுல என்னமோ டொக்குனு மோதுச்சு. வந்து பாத்தா சின்னக் குருவி ஒன்னு விழுந்து கெடக்குப்பா. கலரு கலரா இருக்கு.”

“தொடாதீங்கம்மா. பூனையை மட்டும் உள்ள போட்டுக் கதவைச் சாத்துங்க. இதோ வர்றேன்.”

தளக்கல்லின் மேல் அது உட்கார்ந்திருந்தது. விழுந்து கிடந்தது என்பதைவிட, உட்கார வைத்த மாதிரி இருந்தது. அலகு லேசாக மேல்நோக்கி நின்றது. கண் பாதி மூடி இருந்தது. ஒரு இறக்கை மற்றதைவிடக் கொஞ்சம் தொய்ந்திருந்தது. வாசல் விளக்கில் அதன் முதுகு கிட்டத்தட்ட வெறும் கறுப்பாகத்தான் தெரிந்தது. கைவிளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தியபோதுதான் அந்தக் கறுப்புக்குள்ளிருந்து நீலம் எழுந்து வந்தது. விளக்கு நகர நகர நீலம் இறக்கையின் ஓரமாக ஓடியது. மீன்கொத்தி இறகில் நீலச் சாயம் என்று ஒன்று கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பில் பட்டு ஒளி சிதறுவதால் நீலமாகத் தெரிகிறது. ஒளி வருகிற திசை மாறினால் நிறமும் மங்கிப்போகும். அதைப் படித்திருந்தேன், ஆனால் ஒரு முழ தூரத்தில் பார்த்தது அன்றுதான்.

காலையும் பார்த்தேன். முன்னால் இரண்டு விரல், பின்னால் ஒன்று, ஆக மூன்று. மீன்கொத்திகளுக்கு வழக்கமாக நான்கு விரல் இருக்கும், இந்தக் குள்ளனின் வகையறாவில் ஒன்று மறைந்துவிட்டது. கண்ணாடியில் மோதியது மூன்று விரல் கருமுதுகு மீன்கொத்திதான் என்று அதோடு உறுதியானது.

அம்மாவின் பேரன் ஒரு சின்னக் கிண்ணத்தில் பால் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். “அங்கள், கொஞ்சம் வாயில விடலாமா?” என்றான். மோதி மயங்கிய பறவையைக் கண்டால் எல்லோருக்கும் வருகிற முதல் எண்ணம் இதுதான், கெடுதலில் முடிவதும் இதில்தான். மயங்கிய பறவையின் வாயில் தண்ணீரோ பாலோ விட்டால் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கிச் செத்துப்போகும். சோறு, ரொட்டி எதுவும் வேண்டாம். தடவிக் கொடுக்கவும் வேண்டாம், நம் கை படுவது அதற்கு ஆறுதல் இல்லை, பயம். படமெடுக்கிறேன் என்று பிளாஷ் அடித்துக்கொண்டு நிற்கவும் கூடாது.

வேண்டியது ஒரு காலணிப் பெட்டி. மூடியில் ஊசியால் சில துளைகள். அடியில் பழைய துண்டு ஒன்று, அதுவும் நூல் பிரியாத துண்டாக இருக்கட்டும், நகம் மாட்டிக்கொள்ளும். இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து மெதுவாக மூடிப் பிடித்து உள்ளே வைத்து மூட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் மார்பு விரிய முடியாமல் மூச்சு நின்றுவிடும், அதனால் நழுவாத அளவுக்கு மட்டும். அப்புறம் பெட்டியைப் பூனை, எறும்பு, மின்விசிறிக் காற்று, தொலைக்காட்சிச் சத்தம் எதுவும் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். இருட்டும் அமைதியும்தான் மருந்து. நடுவில் திறந்து திறந்து பார்ப்பது அதைக் கொல்கிற வேலை. சிறிய பறவைக்குப் பயத்திலேயே இதயம் நின்றுபோகும். இந்த ஒன்றை அந்த வீட்டில் எல்லோரிடமும் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டு வந்தேன்.

இரவிலேயே தெளிந்தாலும் விடக் கூடாது. வெளியே விளக்கு எரிகிற வரை அது மறுபடியும் அங்கேயேதான் வந்து முட்டும். விடியும் நேரத்தில், மழை இல்லாதபோது, நிழல் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நாங்கள் தோட்டத்து ஓடைக்குக் கொண்டுபோனோம். பெட்டியைத் தரையில் வைத்து மூடியை எடுத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றோம். துண்டின் மேல் வெள்ளையாகக் கொஞ்சம் எச்சமும், அதன் பக்கத்தில் அரிசி மணியைவிடப் பெரிதாக ஒரு கரிய உருண்டையும் கிடந்தன. மீன்கொத்திகள் செரிக்காத முள், பூச்சியின் ஓடு இவற்றைச் சேர்த்து உருட்டி வாய்வழியே உமிழும். குச்சியால் கிளறினால் வண்டின் இறக்கை மூடித் துணுக்குகள் மின்னின. பறவை பெட்டியின் விளிம்பில் ஏறித் தலையை மேலும் கீழும் ஆட்டியது. நேராகப் பறந்து ஓடையின் மேல் தாழ்வாக, தண்ணீரைத் தொடாத குறையாகப் போய் வளைவில் மறைந்தது. பேரன் கையைத் தட்டினான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

காலையிலும் எழுந்து நிற்காவிட்டால், இறக்கை தொங்கினால், வாயில் இரத்தம் தெரிந்தால் வீட்டில் வைத்தியம் பார்க்காமல் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் மாவட்ட அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும். ‘பாவம், நாமே வளர்த்துக்கொள்வோம்’ என்று கூண்டில் போடுவது உதவி அல்ல. உயிருள்ள பூச்சியும் மீனும் வேண்டிய பறவை அது. கூண்டில் சில நாளில் இறந்துவிடும். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அனுமதி இல்லாமல் அப்படி வைத்திருப்பதை ஏற்காது.

ஏன் இரவில் வந்து மோதுகிறது? இந்தியா, இலங்கையிலிருந்து தென்மேற்குச் சீனா, இந்தோசீனா வரை பரவியிருக்கிற கருமுதுகு வகையில் வடக்கே இருப்பவை குளிர்காலத்துக்கு முன் தெற்கே கிளம்பி வருகின்றன. பகலில் காட்டு ஓடையை விட்டு வெளியே தலைகாட்டாத பறவை, பயணம் என்றால் இரவில் வானத்தில் ஏறிவிடுகிறது. மேகம் தாழ்ந்த, மழைத்தூறல் உள்ள இரவுகளில் விளக்கொளி அதன் திசையைக் குழப்பி இழுக்கிறது. பிரேசர் மலையில் 1960-களில் பறவை ஆய்வாளர்கள் மெட்வேயும் வெல்ஸும் இரவில் வலசை போகும் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு ஆராய்ந்தார்கள். மூடுபனி இரவுகளில் மலைமேல் விளக்குகளைச் சுற்றி வந்து விழுகிற பறவைகளைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு அந்தக் காலத்து உழைப்பு. பிட்டா என்கிற தோட்டக்கள்ளன் இனங்களும் இப்படித்தான் மோதுகின்றன. தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்று சொல்வார்களே, அதன் உறவான நீலச்சிறகுத் தோட்டக்கள்ளனும் நம் ஊர் வாசல்களில் விழுவது உண்டு.

ஆகவே செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும், திரும்பிப் போகிற மார்ச், ஏப்ரலிலும் இரவு பத்துக்கு மேல் தேவையில்லாத வெளிவிளக்கை அணைப்பது ஒன்று. உள்ளே விளக்கு எரிந்தால் திரையை இழுத்துவிடுவது இன்னொன்று. இதற்குக் காசு செலவில்லை, மின் கட்டணமும் குறையும்.

பகலில் வேறு பிரச்சினை. கண்ணாடியில் எதிரே இருக்கிற ரம்புத்தான் மரம் தெரிகிறது, பறவை அதை மரம் என்றே நம்பிப் பறந்து வருகிறது. பருந்துப் படம் ஒன்றை ஒட்டினால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது, பறவை படத்துக்குப் பக்கத்தில் உள்ள வெற்றிடத்தில் மோதும். கண்ணாடி முழுவதும், வெளிப்பக்கத்தில், சுமார் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் குறி இருந்தால்தான் அந்த இடைவெளி வழியாகப் போக முடியாது என்று அதற்குப் புரியும். இதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னபோது அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “புள்ளி வைக்கணும், அவ்வளவுதானே?” என்றார். பொங்கலுக்கு வாசலில் புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய கை. வெள்ளைப் பெயிண்ட் பேனா ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ஒரு சாயங்காலத்தில் இரண்டு கதவையும் முடித்துவிட்டார். அளவுகோல் வைக்காமல் வரிசை பிசகவில்லை. பேரனுக்காக நடுவில் சில புள்ளிகளைச் சேர்த்து ஒரு தாமரையும் போட்டார். புள்ளி வைக்க மனமில்லாதவர்கள் வெளியே கொசுவலை அடிக்கலாம், அல்லது பழைய மீன்வலையைக் கண்ணாடிக்கு முன்னால் இழுத்துக் கட்டலாம். அந்த வாசலில் அதற்குப் பின் எதுவும் மோதி விழவில்லை.

இனி ஓடை. எனக்கு மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது.

தோட்டத்து வேலையில் மருந்தடிப்பது என்றால் களைக்கொல்லி தெளிப்பது. முதுகில் பம்ப்பைச் சுமந்துகொண்டு போகிறவர்களில் பலர் பெண்கள். அம்மாவின் தோழிகள் பலரின் நகம் கருத்துப் போனதும், மூக்கில் இரத்தம் வந்ததும் நான் சின்ன வயதில் கண்டது. பேராகுவாட் நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது, அந்தத் தடை வந்ததில் எனக்குள்ள நிம்மதி சாதாரணம் இல்லை. ஆனால் எந்த மருந்தானாலும் ஓடைக்கரை விளிம்புவரை அடித்தால் நடப்பது ஒன்றுதான். கரையைப் பிடித்திருந்த பெரணியும் புல்லும் காய்ந்து போகும். அடுத்த பெருமழையில் மண்சுவர் இடிந்து ஓடையில் விழும். தண்ணீர் கலங்கி, அடியில் சேறு படிந்து, கூழாங்கல் இடுக்கில் இருந்த இறாலும் குட்டி நண்டும் இடம் இல்லாமல் போகும். வெயில் நேராகத் தண்ணீரில் விழும். குள்ள மீன்கொத்திக்கு உட்காரக் கிளை இல்லை, தின்ன இரை இல்லை, துளை போடச் சுவர் இல்லை. யாரும் அதை விரட்டவில்லை, ஆனாலும் அது போய்விடும்.

ஆற்று ஒதுக்கம் என்பது பலரும் நினைப்பதுபோல் பெரிய ஆறுகளுக்கு மட்டும் உரியது அல்ல. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டலில் ஐந்து மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள ஓடைக்கும் இரு கரையிலும் ஐந்து மீட்டர் விட வேண்டும். ஐந்து முதல் பத்து மீட்டர் அகலத்துக்குப் பத்து, பத்து முதல் இருபதுக்கு இருபது, இருபது முதல் நாற்பதுக்கு நாற்பது, அதற்கும் மேற்பட்டால் ஐம்பது மீட்டர். இந்த எண்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ‘கொஞ்சம் விட்டுவிடுங்கள்’ என்று கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ‘ஐந்து மீட்டர் விடவேண்டும், எழுதியிருக்கிறது’ என்றால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். செம்பனைக்கான எம்எஸ்பிஓ என்கிற மலேசிய நிலைத்தன்மைச் சான்றிதழ் கட்டாயமான பிறகு தணிக்கைக்கு வருகிறவர்களும் ஓடைக்கரையை வந்து பார்க்கிறார்கள், அதுவும் நமக்குத் துணை.

எங்கள் பகுதியில் இது எப்படி நடந்தது என்றால், மேலிடத்தில் அனுமதி வாங்கி, ஓடையை ஒட்டிய முதல் வரிசை செம்பனைகளில் நெஞ்சு உயரத்தில் சிவப்புப் பட்டை அடித்தோம். பட்டையைத் தாண்டி மருந்து கிடையாது, உரம் கிடையாது, மட்டை அடுக்குவதும் கிடையாது. காகிதத்தில் ஆணை போட்டதைவிட அந்தப் பட்டைதான் வேலை செய்தது. மருந்தடிக்கும் அக்காமார் வரிசையில் வேகமாக நடந்து வருகிறவர்கள், தூரத்திலிருந்தே தெரிகிற அடையாளம் அவர்களுக்கு வேண்டும். மூத்த அக்கா ஒருவர், “இத முன்னாலயே அடிச்சிருக்கலாமே கிராணி, அந்தச் சரிவுல பம்ப்பைத் தூக்கிக்கிட்டு எறங்குறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா?” என்றார். ஓடைக்கரையை விட்டுவிடுவது அவர்கள் முழங்காலுக்கும் நல்லது என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன்.

முதலில் வந்தது பெரணி. அப்புறம் செண்டுடுக் செடி பூத்தது, மஹாங் மரக்கன்றுகள் கிளம்பின. காட்டுப் பக்கத்திலிருந்து நிழல் மெல்லக் கீழ்நோக்கி இறங்கி வந்தது. விழுந்த மரம் ஒன்று ஓடைக்குக் குறுக்கே கிடந்தது, அதை அகற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் பின்னால் மீன்கொத்தி உட்காருகிற இடமானது. சுத்தம் என்று நாம் நினைப்பதும் பறவைக்கு வசதி என்பதும் ஓடைக்கரையில் ஒத்துப்போவதில்லை. தாழ்ந்த கிளை, நீட்டிக்கொண்டிருக்கிற வேர், இடிந்த மாதிரி நிற்கிற மண்சுவர் எல்லாம் அங்கேயே இருக்கட்டும். கரையைச் சிமெண்டுச் சுவரால் கட்டினால் பார்க்க அழகாகத் தெரியும், ஆனால் அதில் எந்தப் பறவையும் துளை போட முடியாது.

ஒரு மார்ச் மாதம் அந்தக் கரையில் துளையைக் கண்டேன். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துச் சேர்த்தால் வருகிற அளவுதான் வாய். எலி வளையோ என்று சந்தேகப்படலாம். மீன்கொத்தித் துளையின் அடிப்பகுதியில், உள்ளே போய் வருகிற கால்கள் இழுத்து இரண்டு மெல்லிய தடம் விழுந்திருக்கும். குஞ்சு இருந்தால் வாயில் எச்சம் வழிந்து வெள்ளையாக இருக்கும், மீன் கெட்ட வாடையும் வரும். ஆணும் பெண்ணும் சேர்ந்து தோண்டுகின்றன. சுரங்கம் ஒரு மீட்டர் வரை உள்ளே போகலாம், முடிவில் ஒரு சின்ன அறை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கொங்கண் பக்கத்தில், மும்பைக்கு அருகில் உள்ள கர்னாலா போன்ற இடங்களில், கருமுதுகு வகையின் குடும்ப வாழ்க்கையை மிக நெருக்கமாகக் கவனித்திருக்கிறார்கள். அங்கே தென்மேற்குப் பருவமழை இறங்கும் ஜூனில் கூடு தொடங்கும். நான்கைந்து வெள்ளை முட்டை. இருவரும் மாறி மாறி அடைகாக்க 17 நாளில் பொரியும். இன்னும் 20 நாளில் குஞ்சுகள் வெளியே வந்துவிடும். முதல் ஈடு கெட்டால் இரண்டாவது முறை முயலும்.

எங்கள் ஓடையில் கூடு வைத்தது செம்முதுகு ஜோடி. எதிர்க்கரையில் பெரணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பேன். பெயரில்தான் மீன், கொண்டுவருவதில் பாதிக்கு மேல் வேறு. நீண்ட கால்களோடு சிலந்தி, தும்பி, சின்னப் பல்லி, ஒரு முறை விரல் நகம் அளவு நண்டு. பல்லியைக் கொண்டுவந்த பறவை உடனே துளைக்குள் போகவில்லை. குறுக்கே கிடந்த மரத்தில் உட்கார்ந்து, பல்லியின் வாலைக் கவ்விக்கொண்டு தலையை மரத்தில் இடதும் வலதுமாக அடித்தது. அடிக்கிற சத்தம் ஓடைச் சத்தத்தை மீறிக் கேட்டது, அவ்வளவு சின்ன உடம்புக்கு அவ்வளவு பலம். அடித்து முடித்ததும் அலகில் இரையைத் திருப்பிப் பிடித்தது. இரையின் தலை வெளிப்பக்கம் பார்க்கும்படி பிடித்தால் குஞ்சுக்கு, தன் தொண்டைப் பக்கம் பார்க்கும்படி பிடித்தால் தனக்கு. எந்த மீன்கொத்தியிலும் இதைக் கவனிக்கலாம். தலை முன்னால் போனால்தான் முள்ளும் காலும் மடிந்து வழுக்கி இறங்கும்.

இந்தக் கூட்டைப் பற்றி எப்படியோ வெளியே தெரிந்து, படம் எடுக்கிறவர்கள் சிலர் வந்தார்கள். ஒருவர் கண்ணாடித் தொட்டியில் மீன்குஞ்சு கொண்டுவந்து ஓடையில் வைத்தார். இன்னொருவர் மறைக்கிறது என்று துளைக்கு முன்னால் தொங்கிய பெரணியை வெட்டிவிட்டார். வெட்டிய இடம் வழியாக உடும்புக்கும் பாம்புக்கும் துளை பளிச்சென்று தெரியும் என்று அவர் நினைக்கவில்லை. மறுநாள் காலை தாய்ப்பறவை வாயில் இரையோடு கிளையில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தது. கேமரா வரிசையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போக மறுத்தது. ஒரு கட்டத்தில் இரையைத் தானே விழுங்கிவிட்டுப் பறந்து போனது. எனக்குக் கோபம் வந்தது, மரியாதையை விடாமல் ஆனால் விட்டுக்கொடுக்காமல் பேசி அவர்களை அனுப்பினேன். நாங்கள் பெரணி மட்டை சிலவற்றை அதே இடத்தில் செருகி வைத்தோம். அந்த ஈட்டில் குஞ்சுகள் பறந்தன. வெளுத்த தொண்டையும் மங்கிய அலகும் அலகு நுனியில் வெள்ளையுமாகக் கரையோரக் கிளையில் அவற்றைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து கூடு இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்வதில்லை, கைப்பேசிப் படத்தோடு இடத்தைப் பகிர்வதும் இல்லை. தூரம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு மீட்டர் கணக்கு சொல்வதைவிடப் பறவையையே பார்க்கச் சொல்வேன். வாயில் இரையோடு வந்த பறவை துளைக்குள் போகாமல் தலையை ஆட்டிக்கொண்டு காத்திருந்தால், நீங்கள் இருக்க வேண்டிய இடம் அது அல்ல. எழுந்து பின்னால் போய்விடுங்கள். கூட்டை விட்டுவிட்டு இரை தேடும் இடத்தில் உட்கார்ந்தால் பறவைக்கும் தொல்லை இல்லை, உங்களுக்கும் அதிகம் தெரியும்.

சரி, பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தை. காலை ஏழிலிருந்து ஒன்பது மணிவரை நல்ல நேரம். தேடிக்கொண்டு நடந்தால் கிடைக்காது. நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அது பார்த்துவிடும், நீங்கள் கேட்பது ‘த்ஸீ’ என்று மெல்லிய கூரிய ஒரு விசில், காண்பது ஆரஞ்சாக ஒரு கீற்று, அவ்வளவுதான். ஓடை வளைகிற இடமாக, தாழ்ந்த கிளை தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். கரும்பச்சை அல்லது மண்நிறச் சட்டை போடுங்கள். அந்த விசில் கேட்டால் தலையைத் திருப்பாதீர்கள், அதே பாதையில் அது திரும்பி வரும். கண்ணை அதிகம் மேலே ஏற்ற வேண்டாம், அது உட்காருவது பெரும்பாலும் தாழ்வில்தான். பதிவு செய்த குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள், எதிரி வந்துவிட்டது என்று கூட்டை விட்டு ஓடிவரும். அட்டைக்குக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, காலுறையில் புகையிலைத் தண்ணீர் தெளித்துக்கொண்டால் போதும்.

ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலைமேல் மழை கொட்டியிருக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், ஓடையின் இரைச்சல் மாறினால், காட்டாற்று வெள்ளம் பின்னால் வருகிறது. கெப்பாலா ஆயர் என்று மலாய்க் கிராமமான கம்பத்துக்காரர்கள் பயப்படுவது இதற்குத்தான். பறவை கண்முன்னே கிளையில் இருந்தாலும் கேமராவை எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். பையைத் தண்ணீர் ஓரத்தில் வைக்காமல் முதலிலேயே கரைமேல் வைத்திருந்தால் ஏறுவதில் தாமதம் ஆகாது.